அப்பாவின் பிஸ்கட் டப்பாவைக் கண்காட்சிக்கு எடுத்துப் போகலாமா?

பொன்மலைப் பெண் | திங்கள், இரவு 9.40

வணக்கம். பல மாதமாக இங்கே வாசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

அப்பா ரயில்வே பணிமனையிலிருந்து ஓய்வு பெற்றவர். போன ஆடியில் காலமானார். பீரோவைக் காலி செய்தபோது அடித்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. மூடி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது; கரண்டிக் காம்பால் நெம்பித்தான் திறந்தேன். உள்ளே ஒரு கைப்பிடி ஓட்டைக் காலணா. வெள்ளி ரூபாய் ஏழு: ராணி ஒன்று, கிரீடம் இல்லாத வழுக்கைத் தலை ராஜா இரண்டு, கிரீடம் வைத்த தாடிக்கார ராஜா நான்கு. தாமரைப் பூ போட்ட இருபது காசு ஒரு பொட்டலம். அதில் தங்கம் கலந்திருக்கிறது என்று பாட்டி கடைசிவரை நம்பினாள். ஓர் ஆள் நிற்பதுபோல் உருவம் கொண்ட சின்னச் செப்புக் காசு மூன்று. எல்லாவற்றுக்கும் அடியில் ரப்பர் பேண்டு போட்ட தபால் உறைக் கட்டு.

வருகிற சனி, ஞாயிறு திருச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாணயம், அஞ்சல்தலை, பழம்பொருள் கண்காட்சி நடக்கிறது என்று சுவரொட்டி பார்த்தேன். டப்பாவை எடுத்துப் போகலாமா? விற்பதா, வெறுமனே காட்டிக் கேட்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. என் மகனுக்கு 11 வயது. அங்கே போகிமான் அட்டை மேசையும் உண்டு என்று தெரிந்ததிலிருந்து அவன் என்னைவிட அவசரப்படுகிறான்.

இன்னொன்று. வெள்ளி ரூபாய்கள் கறுத்துப்போயிருந்தன. இரண்டை மட்டும் விபூதி போட்டு விளக்கினேன், புதிதுபோல் ஆகிவிட்டன. செப்புக் காசுகளையும் புளி போட்டு விளக்கிவிட்டால் கொண்டுபோய்க் காட்ட நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன்.


ஓட்டைக்காலணா | திங்கள், இரவு 10.05

அம்மா, முதலில் அந்த விபூதியைக் கொண்டுபோய்ச் சுவாமி அறையில் வையுங்கள். புளி ரசத்துக்கு ஆகும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பக்கத்தில் மாதம் ஒருவராவது இதைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். வெள்ளியின் மேல் இருக்கிற கறுப்பு, அழுக்கு இல்லை. காற்றிலுள்ள கந்தகம் பட்டு வெள்ளியின் மேற்பரப்பே மாறி உண்டான படலம். அது இருந்தால்தான் காசு கைபடாமல் கிடந்தது என்று நம்புவார்கள். நல்ல நிலையில் உள்ள நாணயத்தை விளக்கின்கீழ் மெல்லச் சாய்த்துப் பாருங்கள்: ஒளி ஒரு சக்கரம்போல அதன்மேல் சுற்றி வரும். அச்சு விழுந்தபோது உலோகம் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடிய மெல்லிய கோடுகள் செய்கிற வேலை அது. விபூதி போட்டுத் தேய்த்தால் அந்தக் கோடுகள் போய் மயிரிழைக் கீறல்கள் வந்துவிடும். அப்புறம் எப்படிச் சாய்த்தாலும் எவர்சில்வர் தட்டுபோல ஒரே பளிச்சுத்தான். பூதக்கண்ணாடி பிடித்தவர் அரை நொடியில் சொல்லிவிடுவார்.

செம்புக்குப் புளி இதைவிட மோசம். அமிலம் மேல்தோலைத் தின்றுவிடும். காசு உரித்த கோழிபோல இளஞ்சிவப்பாக நிற்கும்.

ஓட்டைக் காலணா பற்றி, பெயரை வைத்துக்கொண்டிருப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: 1943 முதல் 1947 வரை, போர்க்காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க நடுவைத் துளைத்து அடித்தார்கள். கணக்கில்லாமல் அடித்தார்கள். வாஷராக மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. அதை விற்று யாரும் வீடு கட்டியதில்லை.

வெள்ளி ரூபாய்களின் ஆண்டுகளை மட்டும் வாசித்துச் சொல்லுங்கள். விளிம்பைப் பிடித்து எடுங்கள், முகத்தில் விரல் படக்கூடாது.


பொன்மலைப் பெண் | திங்கள், இரவு 10.30

ராணி 1878. வழுக்கை ராஜா 1904, 1907. தாடிக்காரர் 1911, 1913, 1917, 1919. விளக்கிய இரண்டும் 1911, 1917.


ஓட்டைக்காலணா | திங்கள், இரவு 10.34

ஐயோ.


ஓட்டைக்காலணா | திங்கள், இரவு 10.58

தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். விளக்கமாகவே சொல்கிறேன்.

ஐந்தாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்தபின் அடித்த முதல் ரூபாய் 1911. ராஜாவின் அங்கியில் ஒரு பதக்கச் சங்கிலி தொங்கும்; அதில் ஒரு சின்ன யானை இருக்கும். அச்சுக் கட்டையைச் செதுக்கியவருக்கு யானை சரியாக வரவில்லை. தும்பிக்கை குட்டை, கால்கள் குட்டை. பார்த்தவர்கள் பன்றி என்றார்கள். ராஜாவின் மார்பில் பன்றியா என்று முஸ்லிம்களிடையே கொதிப்பு எழுந்தது. அரசு நாணயத்தைத் திரும்பப் பெற்று உருக்கியது. 1912இல் யானையைத் திருத்தி வெளியிட்டது. அதனால் 1911 ரூபாய்க்கே 'பன்றி ரூபாய்' என்று பெயர். மற்ற ஆண்டுகளைவிட அதற்குத் தேட்டம் அதிகம்.

ஏழில் ஒன்றே ஒன்றைத்தான் தொடக்கூடாது. அதை எடுத்துத்தான் விளக்கியிருக்கிறீர்கள். போகட்டும். மற்ற ஐந்தையும் அப்படியே விடுங்கள்.


சந்தேகி | செவ்வாய், காலை 7.15

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் வைஷ்ணவ தேவி படம் போட்ட பத்து ரூபாய் நாணயம் ஒன்று இருக்கிறது. இதற்கு ஐந்து லட்சம் தருவதாக வாட்ஸ்அப்பில் வந்த எண்ணில் சொல்கிறார்கள். பதிவுக் கட்டணம் 2,500 மட்டும் முன்பணம் கேட்கிறார்கள். கண்காட்சியில் இன்னும் கூடக் கிடைக்குமா?


சில்லறை | செவ்வாய், காலை 8.02

தம்பி, கட்டவே கட்டாதீர்கள். நான் பல ஊர்க் கண்காட்சிகளில் மேசை போடுகிறவன். அந்த நாணயம் 2012இல் வந்தது, ஐந்திலும் பத்திலும். என் மேசையில் பத்து ரூபாய்க் கிண்ணத்தில் கிடக்கிறது. பழைய நாணயம், நோட்டு வாங்குவதாகச் சொல்லிக் கட்டணமும் வரியும் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிக்கை விட்டிருக்கிறது. தங்கள் பெயரையும் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள் என்று அவர்களே சொல்லவேண்டிய நிலை.

பொன்மலை அக்காவுக்கு, மேசைக்குப் பின்னால் உட்காருகிறவன் சொல்வது: டப்பாவைத் திறந்து கொட்டாதீர்கள். ஒவ்வொன்றாக எடுத்து வையுங்கள், ஒன்றைத் திரும்ப வாங்கியபின் அடுத்ததைக் கொடுங்கள். முதல் மேசையிலேயே விற்காதீர்கள். எங்களில் யாரும் கேட்டலாகு விலைக்கு, அதாவது நாணய விலைப்பட்டியல் புத்தகத்தில் போட்ட விலைக்கு, வாங்க மாட்டோம். மேசை வாடகை, பஸ், லாட்ஜ் எல்லாம் அந்த இடைவெளியில்தான் வரவேண்டும். அதைக் கொள்ளை என்று நினைக்காதீர்கள். ஆனால் வெள்ளி ரூபாயை வெள்ளி விலைக்கும் கீழே கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். 1940க்கு முந்தைய வெள்ளி ரூபாய் 11.66 கிராம், நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. அதாவது பத்தரைக் கிராமுக்கு மேல் சுத்த வெள்ளி. அதற்குப் பிறகு பாதிக்குப் பாதியாகக் குறைத்தார்கள். 1947இல் புலி போட்ட நிக்கல் ரூபாயே வந்துவிட்டது. அது காந்தத்தில் ஒட்டும். வெள்ளி ஒட்டாது. சட்டைப்பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் 1939 ரூபாய் என்று யாராவது நீட்டினால் கையை மடக்கிக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு ரூபாய் உண்மையிலேயே அரிது. அதனால்தான் போலிக்குப் பஞ்சமில்லை.


தபால்காரர் மகன் | செவ்வாய், பிற்பகல் 1.20

எல்லோரும் காசையே பார்க்கிறீர்கள். அந்த உறைக் கட்டு என்ன ஆயிற்று, சகோதரி? தயவுசெய்து உறைகளிலிருந்து அஞ்சல்தலைகளைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்காதீர்கள். நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சேர்த்தோம். ஆனால் முழு உறையில் முத்திரை, தேதி, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்ற கதை எல்லாம் இருக்கிறது. தலையைப் பிரித்தால் வெறும் காகிதத் துண்டு. ரப்பர் பேண்டை மட்டும் இன்றே கழற்றிவிடுங்கள். அது உருகி உறையில் பழுப்புக் கறை போட்டுவிடும்.


பொன்மலைப் பெண் | செவ்வாய், பிற்பகல் 3.45

ஐயா, உங்கள் பதிவைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்கு ஓடினேன். மகன் வாளியில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தான். இன்னும் போடவில்லை.


அட்டைப்பையன் | செவ்வாய், இரவு 8.10

அக்கா, உங்கள் மகன் போகிமான் அட்டைகளை எங்கே வாங்கினான்? பள்ளிக்கு எதிரே ஃபேன்சி ஸ்டோரில் பத்து ரூபாய்ப் பாக்கெட் என்றால் மனத்தைத் தேற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள். தங்க நிறத்தில் மினுக்குகிற பிளாஸ்டிக் அட்டைகள் அநேகமாக எல்லாமே போலி.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். அட்டைக்குப் பின்னால் செல்பேசி விளக்கை வைத்தால், உண்மையான அட்டையில் வெளிச்சம் மங்கலாகத்தான் வரும். இரண்டு தாள்களுக்கு நடுவே இருண்ட அடுக்கு ஒன்று உண்டு. போலியில் பளீரென்று ஊடுருவும். முதுகுப்பக்க நீலம் போலியில் வெளிறியோ ஊதா கலந்தோ இருக்கும். எழுத்துப்பிழையும் இருக்கும். உண்மை அட்டை ஒன்றை எங்கள் மேசையில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், இலவசம்தான். நானும் நண்பனும் மணமேடைக்கு இடப்புறம் உட்கார்ந்திருப்போம்.


ஓட்டைக்காலணா | செவ்வாய், இரவு 8.31

காசுக் கண்காட்சியில் பொம்மை அட்டைக்கு எதற்கு மேசை என்று நான் போன வருடமே கேட்டேன்.


அட்டைப்பையன் | செவ்வாய், இரவு 8.40

ஐயா, போன வருடம் மண்டபத்துக்கு வந்த சிறுவர்கள் யார் மேசைக்கு முன்னால் நின்றார்கள்?


ஓட்டைக்காலணா | செவ்வாய், இரவு 8.52

அது சரிதான்.


வடமராட்சி | புதன், காலை 6.30

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். அந்தச் சின்னச் செப்புக் காசு மூன்றையும் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே. ஒரு பக்கம் ஆள் நிற்க, மறுபக்கம் ஆள் அமர்ந்திருக்க, அருகில் நாகரியில் மூன்று வரி எழுத்து உண்டா? உண்டென்றால் அது ராஜராஜன் காசாக இருக்கலாம். எங்கள் பக்கமும் அது நிறையக் கிடைக்கும். பொலன்னறுவையில் இருந்து ஆண்ட அரசர்களும் அதே மாதிரியில் காசு அடித்தார்கள், லீலாவதி என்ற அரசிகூட. எழுத்தை வாசித்தால்தான் எவருடையது என்று தெரியும். யாழ்ப்பாண அரசரின் காசென்றால் நந்தியும், தமிழில் 'சேது' என்ற எழுத்தும் இருக்கும். அப்படி ஒன்றைக் கண்டால் படம் போடுங்கோ. பார்க்கிற ஆசைதான், வாங்க முடியாது. நூறு வயது கடந்தவற்றை உங்கள் நாட்டைவிட்டு அனுப்பச் சட்டம் இடந்தராது.


பொன்மலைப் பெண் | புதன், இரவு 9.15

நிற்கிற ஆள், உட்கார்ந்திருக்கிற ஆள், மூன்று வரி எழுத்து, மூன்றிலும் அப்படியே. விளக்கவில்லை. சத்தியமாக விளக்கவில்லை.


பொன்மலைப் பெண் | ஞாயிறு, இரவு 10.20

போய்வந்தோம். நேற்று ஒரு நாள்தான் என்று கிளம்பினோம்; இன்றும் போகவேண்டியதாயிற்று. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்தில் வியாழக்கிழமைக் கல்யாணத்தின் தெர்மக்கோல் பெயர்ப்பலகையை இன்னும் கழற்றவில்லை. 'சுபமுகூர்த்தம்' என்ற எழுத்துக்குக் கீழே ஒருவர் பழைய பூட்டுகளையும் கிராமபோன் ஊசி டப்பாக்களையும் பரப்பியிருந்தார். பந்தி மேசைகளையே வரிசையாகப் போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். கூட்டத்தைவிடச் சத்தம்தான் முதலில் வந்தது. யாரோ கிண்ணத்திலிருந்து காசுகளைத் தாம்பாளத்தில் கொட்டிக்கொண்டே இருந்தார்கள்.

நான் பார்த்த முதல் சண்டை ஃபேனுக்காக. அஞ்சல்தலைக்காரர்கள் மேசைக்கு மேல் இருந்த ஃபேனை நிறுத்தச் சொன்னார்கள், தலைகள் பறக்கின்றனவாம். பக்கத்து நாணயக்காரர்கள், எங்கள் சரக்குப் பறக்காது, நாங்கள் ஏன் வேகவேண்டும் என்றார்கள். கடைசியில் ஒருவர் தலைகளின்மேல் ஓட்டைக் காலணாவைப் பாரமாக வைத்துக்கொண்டார்.

சில்லறை அண்ணன் சொன்னதை மறந்து, வாசல் ஓரத்து முதல் மேசையிலேயே 1911ஐ நீட்டிவிட்டேன். அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தராசில் போட்டார், "தேய்த்த காசு, உருக்கத்தான் ஆகும், ஐந்நூறு" என்றார். எடையைப் பெருக்கிப் பார்த்தேன். அவர் கேட்டது வெள்ளி விலையில் பாதிகூட இல்லை. கையை நீட்டினேன். அவர் உடனே கொடுக்கவில்லை. எழுநூறு, எண்ணூறு என்று ஏற்றிக்கொண்டே விரல்களுக்குள் வைத்திருந்தார். மகன் சத்தமாக, "அம்மா, அது நம் தாத்தாவுடையது, வாங்கு" என்றான். நாலு பேர் திரும்பிப் பார்த்தபிறகு காசு கைக்கு வந்தது.

உள்வரிசையில் வயதான ஒருவர் இருந்தார். விற்க வரவில்லை, காட்ட மட்டும் என்றேன். "காட்டுங்கள், காசா பணமா" என்று சிரித்தார். பூதக்கண்ணாடியை என்னிடமே கொடுத்து, ராஜாவின் தோளுக்குக் கீழே எங்கே பார்க்கவேண்டும் என்று குச்சியால் காட்டினார். தலைமுடி கனத்துக்கு ஒரு சங்கிலி. அதில் எள்ளைவிடச் சிறிதாக ஒரு மிருகம். எனக்கு அது யானையும் இல்லை, பன்றியும் இல்லை. மழையில் நனைந்த எலிபோல இருந்தது. பிறகு அவருடைய 1912 ரூபாயைப் பக்கத்தில் வைத்தார். அதில் தும்பிக்கை நீண்டு தெளிவாகத் தொங்குகிறது. அடுத்து இரண்டையும் விளக்கின்கீழ் சாய்த்தார். அவருடையதில் ஒளி சுற்றியது. என்னுடையதில் சுற்றவில்லை. ஓட்டைக்காலணா ஐயா எழுதியதை வாசித்தபோது புரியாதது அங்கே புரிந்தது.

விலை கேட்டேன். விளக்காமல் இருந்திருந்தால் இவ்வளவு, இப்போது இவ்வளவு என்று இரண்டு தொகையும் சொன்னார். இரண்டாவது முதலாவதில் மூன்றில் ஒரு பங்கு. தொகையை இங்கே எழுதவில்லை. எழுதினால் எனக்கு மறுபடி தூக்கம் வராது.

செப்புக் காசு மூன்றும் ராஜராஜன்தான் என்றார். அரிதானவை அல்ல, டீ, வடைச் செலவோடு ஒரு நாள் கூலிக்குக்கூட வராது என்றார். மகனுக்கு அந்த விலையெல்லாம் காதில் விழவில்லை. "பெரிய கோயில் கட்டின ராஜாவா? அவர் காலத்தில் இதைக் கொடுத்து என்ன வாங்கியிருப்பார்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். வெற்றிலை வாங்கியிருக்கலாம் என்று பெரியவர் சொன்னார். தெரிந்து சொன்னாரா, வாயை அடைக்கச் சொன்னாரா, தெரியாது.

இன்னொரு மேசையில் பிறந்தநாள் நோட்டு விற்றார்கள். நோட்டின் ஆறு இலக்க எண்ணே நம் பிறந்த தேதி, மாதம், ஆண்டாக அமைந்திருக்கவேண்டும். ஒருவர் தேதி வாரியாக நோட்டுகளை அடுக்கி, நூலகத்தில்போல விரலால் தள்ளித் தேடிக் கொடுக்கிறார். அப்பாவின் தேதி இருந்தது. பத்து ரூபாய் நோட்டை நூற்றைம்பது கொடுத்து வாங்கினேன். திட்டுங்கள்.

இனி உறைகள். அஞ்சல்தலை மேசையில் கட்டைப் பிரித்தபோது ஏழெட்டு சாதாரண உறைகளுக்கு நடுவில் ஒன்று வந்தது: 1968 ஜனவரி 3, சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்கு வெளியிட்ட 15 காசுத் தலை, அன்றைய முத்திரையோடு முதல்நாள் உறை. அப்பாவின் கையெழுத்தில் அவருடைய அப்பாவுக்கே முகவரி எழுதியிருக்கிறது. உள்ளே அரைத்தாள் கடிதம்: கூட்டம் சொல்ல முடியாது, கால் வைக்க இடமில்லை, சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை, வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன். அவ்வளவுதான். அவர் மாநாட்டுக்குப் போனது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இதுதான் வாளித் தண்ணீருக்குப் போக இருந்தது. தபால்காரர் மகன் ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது?

மகனின் அட்டைகளை நாளை எழுதுகிறேன்.


தபால்காரர் மகன் | ஞாயிறு, இரவு 10.41

நன்றியெல்லாம் வேண்டாம், சகோதரி. கடிதத்தை உறையிலிருந்து தனியாக வைத்துவிடாதீர்கள். லேமினேஷன் கடைப் பக்கமே போகாதீர்கள். அதற்குத்தான் எனக்குப் பயம்.


சில்லறை | ஞாயிறு, இரவு 11.05

அந்த முதல் மேசை எது என்று ஊகிக்க முடிகிறது. பெயர் வேண்டாம். கையில் காசை வைத்துக்கொண்டு விலை ஏற்றுவது எங்கள் தொழிலில் அசிங்கமான பழக்கம். நான் முந்தின பதிவில் எங்கள் லாபத்துக்கு வக்காலத்து வாங்கியதால் இதையும் சொல்லவேண்டியிருக்கிறது.

இன்னொரு கேள்வி, மற்றவர்களுக்கு. இந்தமுறை இரண்டு மேசைகளில் அமராவதி ஆற்றுக் காசு என்று மண் ஒட்டியவற்றைக் கிண்ணத்தில் வைத்திருந்தார்கள். கரூர்ப் பக்கம் சங்ககாலக் காசும் ரோமானியக் காசும் கிடைப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இவற்றை வாங்கலாமா?


ஓட்டைக்காலணா | ஞாயிறு, இரவு 11.30

1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்து எடுத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும். பத்து ரூபாய் என்ற வரம்பு வெள்ளைக்காரன் காலத்தது. சட்டப்படி பார்த்தால் பாதிக் கிண்ணம் கலெக்டர் அலுவலகத்துக்குப் போகவேண்டும்.


வடமராட்சி | திங்கள், காலை 6.10

மண் ஒட்டியிருப்பது சாட்சியும் அல்ல. கோந்தில் குழைத்து ஒட்டிய மண்ணை நான் கண்டிருக்கிறேன். எங்கே, எந்த ஆழத்தில், எதனோடு கிடந்தது என்று எழுதாமல் கைமாறிய காசு பாதி ஊமை.


ஓட்டைக்காலணா | திங்கள், காலை 6.45

வாங்காமல் இருந்தால் உருக்கிவிடுகிறார்கள் என்று நானும் முப்பது வருடமாகச் சமாதானம் சொல்லி வாங்கியிருக்கிறேன். அதில் பாதி உண்மை. மீதி ஆசை.


பொன்மலைப் பெண் | திங்கள், இரவு 9.10

அட்டைக் கதை. மகன் 140 அட்டைகளைச் சோப்பு டப்பாவில் கொண்டுவந்திருந்தான். தங்கத்தில் ஒரு பிக்காச்சு; வகுப்பில் யாரிடமும் இல்லாதது, இரண்டு கிரிக்கெட் பந்துக்கு மாற்றிக்கொண்டது. அட்டைப்பையன் தம்பி அதைக் கையில் வாங்கி, ஒன்றும் சொல்லாமல், தன்னுடைய உண்மை அட்டை ஒன்றையும் மகனிடம் கொடுத்து, விளக்கையும் கொடுத்துவிட்டான். இவனே பார்த்தான். ஒன்றில் வெளிச்சம் வரவில்லை. தன்னுடைய சாதா அட்டையில் வந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. முப்பதோ நாற்பதோ பார்த்தபின் விளக்கை அணைத்துவிட்டான். தங்கப் பிக்காச்சுவைச் சோதிக்கவே இல்லை. சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

அழுதுவிடுவான் என்று நான் பயந்தபோதுதான் அந்த மேசையின் ஓரத்தில் ஒரு ரப்பர் பேண்டு போட்ட கட்டைப் பார்த்தேன். மல்யுத்த வீரர் ட்ரம்ப் கார்டு! என் அண்ணனும் நானும் தொண்ணூறுகளில் மொட்டைமாடியில் கை வலிக்க விளையாடியது. உயரம், எடை, மார்பளவு, ஆடிய ஆட்டம், வென்ற ஆட்டம். ஜெயண்ட் கொன்சாலஸ் வந்தால் "உயரம்" என்று கத்தவேண்டும், யோகோசுனா வந்தால் "எடை". எண்பது ரூபாய். மூலைகளெல்லாம் மழுங்கிப்போய், ஓர் அட்டையில் யாரோ பேனாவால் மீசை வரைந்திருந்தார்கள். மணமேடைப் படியில் உட்கார்ந்து மகனோடு ஆடினேன். மூன்று ஆட்டம் தோற்றேன், ஒன்றை வேண்டுமென்றே. ஞாயிறும் போனது அதற்காகத்தான். தம்பிகள் மாற்று அட்டை தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.


அட்டைப்பையன் | திங்கள், இரவு 9.32

அக்கா, அந்த மீசை வரைந்தது நான்தான். அண்டர்டேக்கருக்கு. ஐந்தாம் வகுப்பில்.


சந்தேகி | திங்கள், இரவு 9.50

அண்ணன்களே, அந்த எண்ணில் இப்போது கட்டணத்தை 1,200 ஆகக் குறைத்துவிட்டார்கள். யோசிக்கலாமா?


சில்லறை | திங்கள், இரவு 9.53

தம்பி, அந்தப் பத்து ரூபாயைக் கொடுத்து டீ குடியுங்கள். பற்றவில்லையென்றால் மீதியை நான் தருகிறேன். எண்ணை முடக்கிவிடுங்கள்.


ஓட்டைக்காலணா | திங்கள், இரவு 10.15

பொன்மலை அம்மாவுக்கு, கடைசியாகப் பாதுகாப்பு. மென்மையான பிளாஸ்டிக் உறை வேண்டாம். சில வகைகளில் சில வருடத்தில் பச்சைப் பிசின் ஊறும். அட்டைச் சட்டம் வைத்த ஹோல்டர் சல்லிசாகவே கிடைக்கும். பீரோவில் கற்பூர உருண்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். 1911ஐக் காகித உறையில் போட்டு விட்டுவிடுங்கள். மெல்ல மெல்லக் கறுக்கும். நீங்கள் பார்க்க மாட்டீர்கள், பேரன் பார்ப்பான்.

ஒரு கேள்வி. அப்பா அவற்றை எதிலாவது சுற்றி வைத்திருந்தாரா? எங்கே வாங்கினார் என்று குறிப்பு ஏதும் உண்டா?


பொன்மலைப் பெண் | திங்கள், இரவு 10.48

இருந்தது ஐயா. ஒவ்வொன்றையும் நாட்காட்டித் தாளில் சுற்றி, உள்ளே துண்டுச் சீட்டு வைத்திருந்தார். ராணிக் காசில், '12.3.71, தஞ்சாவூர் பாத்திரக்கடை, ரூ. 4.50' என்று இருக்கிறது. ஒன்றில், 'சம்பளம் வந்த அன்று, வீட்டில் சொல்லவில்லை' என்று மட்டும். நான் விளக்கிய இரண்டின் சீட்டுகளையும் அன்று விபூதித் தாளோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டேன். இதை எழுதவேண்டாம் என்றுதான் ஒரு வாரமாக இருந்தேன்.

இன்று சாயங்காலம் மகனே ஒரு சீட்டு எழுதி 1911க்குள் வைத்துவிட்டான். தாத்தா எழுதுவதுபோலவே தேதி முன்னால்: '1911. எங்கே வாங்கியது தெரியாது. தாத்தாவுடையது. அம்மா விபூதி போட்டுத் தேய்த்துவிட்டாள்.'